ஆஸ்கர் நடிப்பு விருது: ஸாக் பேச்சைக் கேட்பதா, பாஃப்டா பேச்சைக் கேட்பதா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் ஆஸ்கர் விழாவுக்கு முந்தைய இரவு ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடுவது வழக்கம். நான்கு நடிப்பு விருதுகளுக்கு நான்கு பெயர்கள். அமெரிக்காவில் ஞாயிறு மாலை நடக்கும் விழா நமக்குத் திங்கள் விடியற்காலை என்பதால், ஆபீஸ் கிளம்புவதற்குள் முடிவு தெரிந்துவிடும். மாமா எப்போதும் ஸாக் கட்சி, அதாவது அமெரிக்கத் திரை நடிகர்கள் சங்கம் தரும் விருதை வைத்தே சீட்டு எழுதுவார். "நடிப்பைப் பத்தி நடிகனுக்குத் தெரியாததாம்மா?" என்பார். அண்ணி பாஃப்டா கட்சி, அதாவது பிரிட்டிஷ் திரைப்பட அகாடமி தரும் விருதை நம்புகிறவர். "அப்போ 2025-ல ஸாக் வாங்கின டெமி மூர் ஏன் ஆஸ்கர் ஜெயிக்கல மாமா?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. 2019 முதல் 2025 வரையிலான ஏழு விழாக்களை எடுத்துக்கொண்டால் மொத்தம் 28 நடிப்பு விருதுகள். ஸாக்கில் வென்றவரே ஆஸ்கரும் வென்றது 21 முறை, பாஃப்டாவில் வென்றவர் வென்றது 22 முறை. இந்தக் கணக்கோடு நின்றால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். முதன்மை வேடம், துணை வேடம் என்று பிரித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். துணை நடிகர், துணை நடிகை விருதுகள் 14-இல் ஸாக் 13 முறை சரியாகச் சொல்லியிருக்கிறது, பாஃப்டா 11 முறை. முதன்மை விருதுகள் 14-இல் பாஃப்டா 11, ஸாக் வெறும் 8.

துணை விருதில் ஸாக் தவறிய ஒரே வருடம் 2019. அந்த வருடம் ஆஸ்கர் வென்ற ரெஜினா கிங் ஸாக் போட்டியிலேயே இல்லை, பாஃப்டா பட்டியலிலும் இல்லை. இல்லாதவருக்கு ஓட்டுப் போட முடியாது, அதனால் அதைப் பெரிய தோல்வியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. 2023-இல் துணை நடிகை விருதுக்கு மும்முனைப் போட்டி. பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுக்கும் கோல்டன் குளோப் விருது ஆஞ்சலா பாஸெட்டுக்கு, பாஃப்டா கெர்ரி காண்டனுக்கு, ஸாக் ஜேமி லீ கர்டிஸுக்கு. ஆஸ்கர் கர்டிஸிடம் போனது. அந்த வருடம் பாஃப்டாவின் இரண்டு துணை விருதுகளும் ஒரே அயர்லாந்துக் கதையில் நடித்தவர்களுக்குப் போயின. பாஃப்டாவின் ஊர்ப்பாசம் துணை விருதுகளில்தான் எட்டிப்பார்க்கிறது என்பது என் எண்ணம். பல வருடங்கள் கூட நடித்த ஒருவருக்குச் சக நடிகர்கள் காட்டும் பிரியம் ஸாக்கில் தெரியும். அதே பிரியம் ஆஸ்கர் வரைக்கும் போகிறது.

முதன்மை விருது வேறு கதை. ஸாக்கும் பாஃப்டாவும் அதில் ஒன்பது முறை வேறு வேறு ஆட்களைக் காட்டின. ஆறு முறை பாஃப்டா பக்கம் ஜெயம். 2019-இல் க்ளென் க்ளோஸைத் தாண்டி ஒலிவியா கோல்மன். 2021-இல் சாட்விக் போஸ்மேனைத் தாண்டி 83 வயது ஆண்டனி ஹாப்கின்ஸ், வயோலா டேவிஸைத் தாண்டி ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட். 2024-இல் லில்லி க்ளாட்ஸ்டோனைத் தாண்டி எம்மா ஸ்டோன். 2025-இல் டெமி மூரைத் தாண்டி மைக்கி மேடிசன், திமொத்தி ஷாலமேயைத் தாண்டி ஏட்ரியன் ப்ரோடி.

"பிரிட்டிஷ்காரங்க பிரிட்டிஷ்காரங்களுக்குப் போடுறாங்க" என்று மாமா சொல்வார். அந்த ஆறு பேரில் கோல்மனும் ஹாப்கின்ஸும்தான் பிரிட்டனில் பிறந்தவர்கள், மற்ற நால்வரும் அமெரிக்கர்கள். காரணம் ஓட்டுப் போடுகிறவர்களிடம் இருக்கிறது. ஆஸ்கரில் நடிப்புக்கான பரிந்துரைப் பட்டியலை மட்டும்தான் நடிகர்கள் பிரிவு தேர்ந்தெடுக்கிறது. இறுதி ஓட்டு எல்லாப் பிரிவினருக்கும் உண்டு. எடிட்டர், ஒலிக்கலைஞர், இயக்குநர், தயாரிப்பாளர் என்று எல்லாரும் போடுவார்கள். பாஃப்டாவிலும் பல துறைக்காரர்கள் கலந்தே ஓட்டுப் போடுகிறார்கள். ஸாக்கில் சுமார் 1,60,000 பேர் கொண்ட ஒரு தொழிற்சங்கம் ஓட்டுப் போடுகிறது. போதாததற்கு 2016-க்குப் பிறகு ஆஸ்கர் அகாடமி வெளிநாட்டு உறுப்பினர்களை நிறையச் சேர்த்தது.

எடிட்டரும் ஒலிக்கலைஞரும் ஓட்டுப் போடும்போது நடிகரோடு சேர்த்துப் படத்தையும் பார்க்கிறார்கள். க்ளென் க்ளோஸின் படத்துக்கு மொத்தமே ஒரு பரிந்துரை, கோல்மனின் படத்துக்குப் பத்து. போஸ்மேன், டேவிஸ் இருவரும் நடித்த படம் சிறந்த படப் பட்டியலிலேயே இல்லை. ஹாப்கின்ஸின் படம் இருந்தது, மெக்டார்மண்டின் படமோ சிறந்த பட விருதையே வென்றது. மைக்கி மேடிசனின் படமும் அப்படித்தான். 2024 மட்டும் நெருக்கம்: ஸ்டோனின் படத்துக்கு 11, லில்லி க்ளாட்ஸ்டோனின் படத்துக்கு 10. சிறந்த நடிகை பட்டியலில் இடம்பிடித்த முதல் அமெரிக்கப் பழங்குடிப் பெண் க்ளாட்ஸ்டோன். அந்த அமைதியான நடிப்பு எனக்கு ரொம்பவே பிடித்தது, அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனசார விரும்பினேன். ஆனாலும் சீட்டில் எம்மா ஸ்டோன் பெயரைத்தான் எழுதினேன். யார் ஜெயிக்க வேண்டும் என்பதும் யார் ஜெயிப்பார் என்பதும் வேறு வேறு கேள்விகள்.

தேதியையும் பார்க்க வேண்டும். 2025-இல் ஆஸ்கர் இறுதி ஓட்டுப்பதிவு பிப்ரவரி 11 முதல் 18 வரை. பாஃப்டா விழா 16-ஆம் தேதி, ஸாக் விழா 23-ஆம் தேதி. திமொத்தி ஷாலமே ஸாக் விருதை வாங்கியபோது ஆஸ்கர் ஓட்டுப்பெட்டி மூடி ஐந்து நாளாகிவிட்டது. அந்த வெற்றியைப் பார்த்து ஒருவர்கூட ஓட்டை மாற்றியிருக்க முடியாது.

பாஃப்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 2022-இல் அதன் சிறந்த நடிகை பட்டியலில் இருந்த ஆறு பேரில் ஒருவர்கூட ஆஸ்கர் பட்டியலில் இல்லை. நடுவர் குழு பரிந்துரைகளைத் தீர்மானித்ததன் விளைவு அது. அங்கே ஜோன்னா ஸ்கேன்லன் ஜெயித்தார், ஆஸ்கர் ஜெஸிகா சாஸ்டெய்னுக்குப் போனது. அதனால் நம் ஆள் பாஃப்டா பட்டியலில் இருக்கிறாரா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

கோல்டன் குளோப்புக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. ஓட்டுப் போடுவது பத்திரிகையாளர்கள், அதுவும் டிராமா ஒரு பக்கம், நகைச்சுவை ஒரு பக்கம் என்று முதன்மை விருதுக்கு இரண்டு பேர். 2021, 2025 இரண்டு வருடங்களிலும் அதன் இரண்டு சிறந்த நடிகைகளில் ஒருவர்கூட ஆஸ்கர் வாங்கவில்லை.

நம் தேசிய விருதுக்கும் இப்படிச் சீட்டு எழுதலாமே என்று அண்ணி ஒருமுறை கேட்டார். 70-ஆவது தேசிய விருதுகளில் ரிஷப் ஷெட்டிக்கும், பெங்களூரில் பிறந்த நித்யா மேனனுக்கும் கிடைத்தபோது எங்கள் தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அங்கே முடிவெடுப்பது சிறிய நடுவர் குழு. கதவு மூடிய அறையில் சில பேர் பேசி முடிவு செய்வதற்கு முன்னோட்டம் என்று எதுவும் கிடையாது, கணக்குப் போட வழியில்லை.

மாமா 2023-ஐ மட்டும் விடமாட்டார். அந்த வருடம் சிறந்த நடிகர் பாஃப்டா ஆஸ்டின் பட்லருக்கு. அவர் படத்துக்கு எட்டுப் பரிந்துரைகள், சிறந்த படப் பட்டியலிலும் இடம். ஸாக் வாங்கிய பிரெண்டன் ஃப்ரேசரின் படத்துக்கு மூன்றே பரிந்துரைகள், சிறந்த படப் பட்டியலில் இல்லை. என் கணக்குப்படி பட்லர் வந்திருக்க வேண்டும், வந்தது ஃப்ரேசர். பல வருடம் ஒதுங்கியிருந்து திரும்பி வந்த மனிதர் மீது துறை முழுக்க இருந்த பாசம் பரிந்துரை எண்ணிக்கையில் தெரியாது. அப்படி ஒருவர் களத்தில் இருக்கும் வருடத்தில், முதன்மை விருதாக இருந்தாலும் மாமா பக்கம் சேர்ந்து ஸாக் பெயரையே எழுதுவேன்.