வார்டில் சுகர் பார்க்க எது சரி: விரல் குத்தலா, லேப் டியூபா?

இன்சுலின் போடும் முன் சுகர் தெரிய வேண்டும். விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்க்கலாம்; ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து டியூபில் லேபுக்கும் அனுப்பலாம்.

துல்லியத்தில் லேப்தான் மேல். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தர விதி ஐஎஸ்ஓ 15197 (2013), சுகர் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும்போது 15 சதவீதம் கூடக்குறையக் காட்டுவதை ஏற்கிறது. உண்மையில் 200 இருக்கும்போது 170 காட்டினாலும் 230 காட்டினாலும் மீட்டர் பாஸ். பல வார்டுகளில் இருப்பதும் அதே வீட்டு மீட்டர்தான்.

ஆனால் டியூபுக்குள் போன ரத்தம் சும்மா இருப்பதில்லை. ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். இதைத் தடுக்கும் ஃப்ளோரைடு மருந்து போட்ட டியூபில் எடுத்தாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இறக்கம் முழுதாக நிற்காது. எடுத்துப்போக ஆள் வராமல் டிரேயிலேயே கிடந்த டியூபின் ரிசல்ட்டை எப்படி நம்புவது? அது வருவதற்குள் நோயாளி சாப்பிட்டும் முடித்திருப்பார்.

அதனால் சாதாரண வார்டில் சாப்பாட்டு நேர இன்சுலினுக்கு என் ஓட்டு மீட்டருக்கே. எல்லோருக்கும் அல்ல. பிரஷர் இறங்கி கைகால் சில்லிட்டவருக்கு விரல் ரத்தம் ஏமாற்றும். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், தாழ்சர்க்கரை மறைந்துவிடும். நம் வார்டுகளில் ரத்தசோகை எவ்வளவு சகஜம் என்று நினைத்தால் எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதுதான். ரத்தம் கெட்டியாக இருக்கும் பச்சிளம் குழந்தைக்கு நேர்மாறாக, குறைத்துக் காட்டும். இவர்களுக்கு ஐசியூவின் ஏபிஜி கருவி (ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளப்பது) நல்லது. சில நிமிடங்களில் சுகரும் சொல்லிவிடும்.

மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பின் செலவைவிடப் பெரிய கேள்வி, மீட்டர் யார் பொறுப்பு என்பது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஸ்ட்ரிப் டப்பா மூடியில்லாமல் கிடக்கும். ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் கன்ட்ரோல் திரவம் சீல்கூட உடைபடாமல் இருந்தது. மீட்டரை வார்டில் பயன்படுத்தட்டும், ஆனால் பொறுப்பு லேபிடம் இருக்க வேண்டும்: தினமும் இரண்டு அளவில் கன்ட்ரோல், டப்பா மேல் திறந்த தேதி, அவ்வப்போது லேப் ரிசல்ட்டோடு ஒப்பிடல். ஆளுக்கொரு லான்செட் (விரல் குத்தும் ஊசி) கட்டாயம். குத்தும் பேனாவைப் பலருக்கும் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் பி பரவியிருக்கிறது.

மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் டியூபும் எடுங்கள். ஆனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே குளுக்கோஸ் கொடுங்கள்.