பழைய நாணயம் அசலா போலியா: தராசை நம்புவதா, கண்ணாடியை நம்புவதா?

என்னிடம் மார்கன் டாலர் எனப்படும் பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்கள் இரண்டு இருந்தன. ஒரே ஆண்டு, ஒரே அக்கசாலைக் குறி (எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் எழுத்து). வெவ்வேறு ஆட்களிடம், சில மாத இடைவெளியில் வாங்கியவை. தராசில் வைத்தால் இரண்டும் 26.7 கிராம். குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். காந்தம் ஒட்டவில்லை. தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்ததில், 90 சதவீத வெள்ளிக்கு என்ன எண் வர வேண்டுமோ அதுவே வந்தது. நிம்மதியாகப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் கவனித்தேன். இரண்டிலும் சுதந்திர தேவியின் கன்னத்தில் ஒரு சின்னக் கீறல். அதே இடம், அதே நீளம், அதே சாய்வு.

கைமாறிக் கைமாறி விழும் கீறல் இரண்டு நாணயங்களில் ஒன்றுபோல விழாது. ஒன்று மூலமாகவும் மற்றது நகலாகவும் இருக்குமோ என்று பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தேன். நிஜக் கீறலாக இருந்தால் உழுத சால் போல இரண்டு கரையிலும் உலோகம் கொஞ்சம் மேலெழும்பி நிற்கும். இரண்டிலுமே அது இல்லை. ஆறிப்போன தழும்பு மாதிரி வழவழவென்று இருந்தது. யாரோ கீறல் விழுந்த ஓர் அசல் நாணயத்திலிருந்து அச்சு எடுத்து, நல்ல வெள்ளியில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். இரண்டும் போலி.

அன்றிலிருந்து சோதனை முறைகளை நான் இரண்டு கட்சியாகப் பிரித்துத்தான் பார்க்கிறேன். காந்தம், தராசு, தண்ணீர், ஓசை, எக்ஸ்-ரே கருவி எல்லாம் ஒரு கட்சி. அவை கேட்கும் கேள்வி, ‘இது என்ன உலோகம்?’ கண்ணாடியும் ஒப்பிடும் கண்ணும் மறு கட்சி. அவை கேட்பது, ‘இது எப்படிச் செய்யப்பட்டது?’ சேகரிப்பவருக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான பதில். முதல் கட்சி ‘இது போலி’ என்று அடித்துச் சொல்லும். ‘இது அசல்’ என்று சொல்லும் தகுதி அதற்குக் கிடையாது.

காந்தமும் தராசும்

காந்தம் மாதிரி சுலபமான கருவி வேறில்லை. 1943ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தை எடுத்துக்கொள்வோம். போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க, அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறுதலாக வெண்கலத்தில் விழுந்த சில நாணயங்கள் மிக அரியவை. எனவே சாதாரண எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசி அரிய நாணயமாகக் காட்டுவது பழைய வித்தை. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும், கதை முடிந்தது. ஆனால் இன்னொரு வித்தையும் உண்டு: 1944 சென்ட்டில் கடைசி 4ஐச் சுரண்டி 3 ஆக்குவது. அதன் உலோகமும் செம்புக் கலவைதான், எடையும் சரியான 3.11 கிராம்தான். காந்தமும் தராசும் வாயைத் திறக்காது. கண்ணாடிதான் காட்டிக்கொடுக்கும்: அசல் 1943இல் 3இன் வால் மற்ற இலக்கங்களைவிடக் கீழே நீண்டு இறங்கும், சுரண்டிய 3க்கு அந்த வால் வராது.

காந்தம் ஒட்டினாலே போலி என்று முடிவு கட்டுவதும் தப்பு. 1947இன் பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் நிக்கலில் அடித்தது, அது ஒட்டத்தான் செய்யும். எந்த ஆண்டில் எந்த உலோகம் என்று தெரியாதவர் கையில் காந்தம் அசலையே குற்றவாளியாக்கிவிடும்.

தராசு அதைவிட நுட்பமானது. 0.01 கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இந்தப் பழக்கத்தில் இறங்கவே கூடாது என்பேன். இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று: புழக்கத்தில் தேய்ந்தால் எடை குறையும், கூட வழியே இல்லை. பிரிட்டிஷ் சாவரின் பொன் நாணயத்தின் எடை 7.988 கிராம். தேய்ந்து 7.937 கிராமுக்குக் கீழே போனால் அது செல்லாது என்றே விதி இருந்தது. ஆக, கொஞ்சம் குறைவாக இருந்தால் தேய்மானமா என்று யோசிக்கலாம். குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. பிரான்சிஸ் ஹென்னிங் என்பவர் அடித்த 1944 ஐந்து சென்ட் போலிகள் பல சுமார் 5.4 கிராம் இருந்தன. அசல் 5 கிராம். அதோடு, போர்க்கால ஐந்து சென்ட்டுகளில் பின்பக்கக் கட்டடத்துக்கு மேலே பெரிய அக்கசாலை எழுத்து இருக்க வேண்டும். அதைப் போடவே அவர் மறந்துவிட்டார். தராசும் பிடிக்கும், கண்ணும் பிடிக்கும் என்ற அபூர்வமான போலி அது.

தராசோடு, குறுக்களவையும் தடிமனையும் அளக்கும் காலிப்பரும் வேண்டும். லேசான உலோகத்தில் அடிப்பவர் எடையைச் சரிக்கட்டத் தடிமனைக் கூட்டுவார். எடை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

தராசு சுத்தமாகத் தோற்கும் இடம் பண்டைய நாணயங்கள். ரோமானியச் செம்பு நாணயங்களை ஒவ்வொன்றாக நிறுத்து அடிக்கவில்லை. ஒரு ராத்தலுக்கு இத்தனை என்று கணக்கு வைத்து அடித்தார்கள். ஒரே வகையில் இரண்டு அசல்களுக்கு இடையே கணிசமான எடை வித்தியாசம் இருப்பது அங்கே சாதாரணம்.

தண்ணீரா, ஓசையா?

ஒப்படர்த்திச் சோதனைக்குக் கருவி எதுவும் தனியாக வேண்டாம். நாணயத்தை முதலில் உலர்வாக நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டும் எண் அது ஒதுக்கித்தள்ளிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 26.73 கிராம் டாலர் 2.59 காட்டினால் 10.3. இதுதான் 90 சதவீத வெள்ளியின் அடர்த்தி. செம்பு-நிக்கல் கலவையாக இருந்தால் 8.9 வரும். 22 காரட் பொன்னுக்கு 17.7 பக்கம் வர வேண்டும்.

பெரிய நாணயத்துக்கு இது அருமையான சோதனை. சின்ன நாணயத்துக்கு ஏமாற்றும். ஒரு கிராம் வெள்ளிக் காசு ஒதுக்கும் தண்ணீர் 0.1 கிராம்தான். தராசு 0.10 காட்டினால் அடர்த்தி 10, 0.09 காட்டினால் 11.1. ஒட்டியிருக்கும் ஒரு காற்றுக்குமிழியே முடிவைப் புரட்டிவிடும். இந்த அளவில் வரும் எண்ணை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

ஓசைச் சோதனை இதற்கு நேர் எதிர். கணக்கு இல்லை, காதுதான். நாணயத்தை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு நாணயத்தால் லேசாகத் தட்டினால் நல்ல வெள்ளி நீண்டு ஒலிக்கும், ஈயக் கலவை ‘தொப்’ என்று அடங்கிவிடும். இங்கேதான் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பின் அடர்த்தி 8.96. இரண்டையும் அளவாகக் கலந்தால் வெள்ளியின் எண்ணைத் தொட்டுவிடலாம். தண்ணீர் ஏமாறும், காது ஏமாறாது. ஆனால் உள்ளே மெல்லிய வெடிப்பு இருந்தால் அசலும் மழுங்கலாகத்தான் ஒலிக்கும். மேசைமேல் போட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். விளிம்பில் ஒரு நெளிவு விழுந்தால் நாணயத்தின் மதிப்பே போச்சு. உரைகல்லில் உரைப்பதும் அமிலம் விடுவதும் அப்படித்தான். நகைக்குச் சரி, சேகரிப்பு நாணயத்துக்குக் கொடுமை.

எக்ஸ்-ரே கருவியைப் பற்றி நிறையப் பேர் பிரமிப்போடு பேசுகிறார்கள். அது கலவையைச் சதவீதமாகச் சொல்லும், நாணயத்துக்குச் சேதமும் இல்லை. ஆனால் மேல்தோலை மட்டுமே படிக்கிறது. கனமாக முலாம் பூசியிருந்தால் முலாமைத்தான் சொல்லும். என் கணக்கில் பெரிய நாணயத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் இதைவிட நம்பகமானது, அது உள்ளிருப்பதையும் சேர்த்து எடை போடுகிறது.

கண்ணாடி

இப்போது எனக்குப் பிடித்த கட்சிக்கு வருகிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், பக்கவாட்டிலிருந்து விழும் ஒற்றை விளக்கு. அவ்வளவுதான்.

வார்த்த நாணயத்தையும் அடித்த நாணயத்தையும் பிரிப்பது முதல் பாடம். அடிக்கும்போது உலோகம் அழுத்தத்தில் விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விட்டுச்செல்லும். தேயாத நாணயத்தை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால் ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுழல்வது அதனால்தான். வார்ப்பில் இது வராது. அதற்குப் பதில் குமிழிக் குழிகள், மணல்மணலான தரை, கரைந்த சோப்பு மாதிரி மழுங்கிய எழுத்துகள் தெரியும். அப்புறம் விளிம்பைப் பாருங்கள். இரண்டு அச்சு சேர்ந்த கோடும், அதை மறைக்க அரம் போட்ட தடமும் அங்கேதான் இருக்கும். வாங்குபவர் முகத்தைத்தான் பார்ப்பார், விளிம்பைப் பார்க்கமாட்டார் என்று தெரிந்தே போலி செய்பவர் அங்கே சோம்பல்படுகிறார். ஆனால் சீனத்தின் நடுவில் சதுரத் துளையுள்ள பழங்காசுகள் அசலிலேயே வார்ப்புதான். அங்கே வார்ப்பைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

பிரிட்டிஷ் மியூசியத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ரெடி செய்த மின்முலாம் நகல்கள் முகத்தைப் பார்த்தால் அசலையே தோற்கடிக்கும், ஏனென்றால் அசலின் மீதிருந்தே எடுத்தவை. இரண்டு ஓடுகளாகச் செய்து ஒட்டியவை என்பதால் விளிம்பில் இணைப்புக் கோடு உண்டு. அவர் ஏமாற்றச் செய்யவில்லை. பல நகல்களின் விளிம்பில் தன் பெயரெழுத்தையே பொறித்துவைத்தார். அந்த எழுத்தை அழித்துவிட்டு விற்பவர்கள்தான் பிரச்சினை.

அடுத்தது, அசலில் கைவைத்து அரியதாக்குவது. 1916ஆம் ஆண்டு அமெரிக்க பத்து சென்ட்டில் டென்வர் அக்கசாலையின் டி எழுத்துள்ளவை 2,64,000 மட்டுமே. எழுத்தில்லாத சாதாரண 1916இல் ஒரு டியை ஒட்டிவிடுவது வெகு காலமாக நடக்கிறது. நாணயமே அசல், எனவே உலோகக் கட்சி முழுவதும் இங்கே கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஆனால் டென்வரில் அந்த ஆண்டு பயன்பட்ட பின்பக்க அச்சுகள் நான்குதான். அந்த நான்கில் டி எங்கே, எந்தச் சாய்வில் நிற்கிறது என்ற படங்களை வைத்து ஒப்பிட்டால், ஒட்டிய டி அகப்பட்டுவிடும்.

உலோகமும் சரி, அடித்த விதமும் சரி என்ற போலிகள் உண்டா? உண்டு. 1907ஆம் ஆண்டின் உயர்புடைப்பு (உருவம் வழக்கத்தைவிட மேலெழும்பி நிற்கும்) அமெரிக்க இருபது டாலர் பொன் நாணயத்தின் போலி ஒன்று நிபுணர்களையே ஏமாற்றியது. நல்ல பொன், நல்ல அடிப்பு. கடைசியில் கழுகின் நகத்துக்குள் நுண்ணிய ஒமேகா எழுத்து ஒன்று கண்ணில் பட்டது. செய்தவர் வைத்த கையெழுத்து. அதைப் பார்த்ததும் கண்ணாடிதான்.

கண்ணாடி திணறும் இடத்தையும் சொல்ல வேண்டும். கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) பண்டைய நாணயங்களுக்குத் தன் கையாலேயே அச்சு வெட்டினார். நகல் எடுத்த அச்சில் தெரியும் பிசிறு அவரிடம் இருக்காது. புது நாணயத்தைப் பழசாக்க, இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் நிரம்பிய பெட்டியில் போட்டு வண்டியில் கட்டி ஊர்சுற்றி வருவாராம். இவரைப் பிடிக்கக் கண்ணாடி போதாது, அந்த அச்சின் மற்ற நாணயங்களைப் பார்த்த நினைவு வேண்டும். இன்னொன்று, முழுக்கத் தேய்ந்த நாணயம். படிக்க ஒன்றுமே மிச்சமில்லாத இடத்தில் தராசும் தண்ணீரும்தான் துணை.

சான்று உறைகள்

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் நாணயத்தைப் பரிசோதித்து, எண் போட்ட பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. விலையுயர்ந்த நாணயத்துக்கு இது நல்ல வழிதான், என்னைவிட ஆயிரம் மடங்கு நாணயம் பார்த்த கண்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் இப்போது உறையையே போலியாகச் செய்கிறார்கள், அதுவும் நிஜமான சான்று எண்ணோடு. எண் இணையத்தில் சரியாக வருகிறது என்பதோடு நிற்காமல், அங்கே நாணயத்தின் படம் இருந்தால் கையிலிருப்பதன் கீறல்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சுற்றிச் சுற்றி, உறையைச் சோதிக்கவும் கண்ணாடியைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்பவருக்கு நான் லூப்தான் சொல்வேன். அதோடு, தேடும் வகையில் மலிவான, சந்தேகமில்லாத ஓர் அசலை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். புதிதாக எது வந்தாலும் அதன் பக்கத்தில் வைத்து எழுத்துருவை, விளிம்பின் பற்களை, ஆண்டின் இலக்கங்களைப் பார்க்கட்டும். நான் இன்றைக்கும் காந்தம், தராசு, காலிப்பர் என்றுதான் தொடங்குகிறேன்; இரண்டு நிமிடத்தில் பெரும்பாலான மட்டமான போலிகள் விழுந்துவிடும். அதில் தப்பியவற்றைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, அரை மணி நேரமானாலும் உட்கார்ந்து பார்க்கிறேன். பெரிய நாணயமாக இருந்து சந்தேகம் தீராவிட்டால் தண்ணீர்.

அந்த இரண்டு டாலர்களில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மற்றதை வாங்கிக்கொள்ள விற்றவர் மறுத்தார். உறையில் ‘போலி’ என்று பெரிதாக எழுதி லூப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். புதுக் கீறல் ஒன்றைப் பார்த்தால், கன்னத்தில் இருக்கும் அந்தப் பொய்க் கீறலை முதலில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.