பழைய காசை கிரேடிங் அனுப்பப் போகிறீர்களா? என் 18,400 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

நேற்று சாயங்காலம் நடந்தது. இன்னும் ஆறவில்லை. எட்டு வெள்ளிக் காசுக்கு கிரேடிங் கூலி, அதாவது தரம் பார்த்து மார்க் போட்டு டப்பாவில் சீல் வைத்துத் தரும் கூலி, ஒன்றுக்கு 2,300 வீதம் 18,400 ரூபாய்.

அப்பத்தாவின் சுருக்குப்பையில் இருந்த காசுகள் அவை. 1862 மூன்று, 1901, 1905, 1911, 1918, அப்புறம் ஒரு 1940. பல வருடம் பையிலேயே கிடந்து கருநீலமும் பழுப்புமாக நிறம் ஏறியிருந்தன. 1911 காசில் மட்டும் எழுத்தெல்லாம் அப்படியே கூர்மையாக இருந்தது. விற்கும் எண்ணமே இல்லை. என்ன பெறும் என்று தெரிந்துகொள்ளத்தான் பழைய நாணயம் வாங்கி விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அவசரப்படவே இல்லை. அதில்தான் நான் நம்பிவிட்டேன். சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து, "பாருங்க தம்பி, 11.6 கிராம், சரியான எடை" என்றார். 1911 காசை லென்ஸுக்கடியில் பிடித்து, ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் குட்டி யானையைக் காட்டினார். அது பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912-இல் அச்சையே மாற்றினார்களாம். அது உண்மைதான், பிறகு நானே சரிபார்த்தேன். இவ்வளவு தெரிந்தவர் நம்மை ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன்.

"சும்மா வித்தா பாவம் தம்பி. வெளிநாட்டுக்கு கிரேடிங் அனுப்பிடலாம். 70-க்கு இத்தனைன்னு மார்க் போட்டு, சீல் வெச்சு வரும். அப்புறம் விலையே வேற. ரெண்டு மாசம்." 18,400 ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டில் '8 காசு, 18,400 பெற்றேன்' என்று எழுதிக் கொடுத்தார். எந்த கம்பெனிக்குப் போகிறது என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் "கஸ்டம்ஸ்ல நிக்குது தம்பி". அடுத்த மாதம் "கம்பெனியில கூட்டம்". அதற்கப்புறம் கடைப் பையன்தான் போனை எடுப்பான், "ஓனர் ஊருக்குப் போயிருக்கார் சார்" என்பான். ஐந்தாம் மாதம், நேற்று, நேரில் போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து எட்டு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்து வைத்தார்.

பார்த்ததும் வயிறு எரிந்தது. புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி அத்தனையும் பளபளவென்று இருந்தன. 1911-ஐ விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். ராஜாவின் கன்னம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். அப்பத்தா காலத்து நிறம் துளிகூட இல்லை. லேபிளில் எங்கும் கேள்விப்படாத ஒரு கம்பெனி பெயர். தலைமுடி வரி தேய்ந்து மழுங்கிய 1862 ராணிக்கு 63 மார்க்! 60-க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே வராத காசு என்று அர்த்தம்.

"அண்ணே, யார் இதைத் தேய்க்கச் சொன்னது?"

"அழுக்கோட அனுப்பினா மார்க் குறையும் தம்பி. உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கம்பெனிக்குக் கட்டியாச்சு, எங்கிட்ட ஏது?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார்.

அங்கிருந்து நேரே நெடுநாள் நாணயம் சேர்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். இரண்டு நிமிடம்தான் பார்த்தார். 1862 என்ற வருடத்தையே 1874 வரை மாற்றாமல் அடித்திருக்கிறார்கள், அதனால் அந்தக் காசு ஏராளம். தேய்ந்தது என்றால் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலேதான் போகும். 1940-இல் வெள்ளியே பாதிதான். இவற்றுக்கெல்லாம் கிரேடிங் கூலி கொடுப்பதே நஷ்டம். 1911-ஐ எடுத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் வைத்திருந்தார். "அனுப்பியிருந்தா இது ஒண்ணைத்தான் அனுப்பியிருக்கணும். இனிமே நல்ல கம்பெனி எதுவும் இதுக்கு மார்க் போடாது, சுத்தம் செய்யப்பட்டதுன்னு எழுதித்தான் தரும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். 100 வருடம் தாண்டிய காசு 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். தனியாள் அதை நாட்டை விட்டு அனுப்பவே கூடாது. என் எட்டில் ஏழு அப்படிப்பட்டவை. அப்படியென்றால் கஸ்டம்ஸில் நின்றது எது?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் செய்யுங்கள். காசைத் தேய்க்காதீர்கள், யாரையும் தேய்க்க விடாதீர்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். கம்பெனி பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி போன்ற கிரேடிங் கம்பெனிகளின் டப்பாவில் இருக்கும் எண்ணை அவர்கள் தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். என் டப்பா எண்ணுக்கு எந்தத் தளமும் இல்லை. கிரேடிங் கூலியைவிடக் காசு அதிகம் பெறுமா என்று வேறு ஒருவரிடம் முதலில் கேளுங்கள், கூலி வாங்கப்போகிறவரிடம் கேட்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை பேசி, 18,400 ரூபாய்க்குப் புகார் பதிந்திருக்கிறேன். அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான் கையில் இருக்கிறது.