8 அங்குல டாப்சோனியன்: ஆடி அருமை, உதிரிகள் சுமார்

எந்த நிறுவனத்தின் பெயர் ஒட்டி வந்தாலும் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியின் அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான். 203 மி.மீ. விட்டமுள்ள முதன்மை ஆடி (ஒளியைத் திரட்டும் குழிந்த கண்ணாடி), 1200 மி.மீ. குவிதூரம், பலகையால் ஆன சுழல்பீடம். சாதாரண மாடலில் மோட்டாரும் கணினியும் இல்லாததால் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஆடிக்கே போய்ச் சேர்கிறது. முதல் தொலைநோக்கியாக இதைத் தயங்காமல் வாங்கலாம். கூடவே வரும் உதிரிகளுக்கு அந்த உத்தரவாதம் தர முடியாது.

70 மி.மீ. தொலைநோக்கியைவிட இது 8 மடங்குக்கும் மேல் ஒளியைத் திரட்டுகிறது. சிறிய கருவியில் பஞ்சுத் துணுக்காகத் தெரியும் எம்13 என்ற நட்சத்திரக் கொத்து, இதில் 120 மடங்கு உருப்பெருக்கத்தில் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரிகிறது. வியாழன்மேல் விழும் அதன் நிலவின் நிழல் மைப்புள்ளி போலத் துல்லியமாக நிற்கும். ஆண்ட்ரமீடா கேலக்ஸி மட்டும் சாம்பல் நிறப் பூச்சாகத்தான் தெரியும். புகைப்படத்து வண்ணங்களை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

வழக்கமாகக் கூட வரும் ஐபீஸ்களில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளில்) 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கும், 10 மி.மீ. ஐபீஸ் 120 மடங்கும் பெரிதாக்கும். முன்னது போதும், பின்னதைத்தான் முதலில் மாற்ற வேண்டியிருக்கும். விளம்பரத்தில் 400 மடங்கு என்று போட்டிருந்தாலும், காற்றின் கலங்கலால் பெரும்பாலான இரவுகளில் 200, 250-க்கு மேல் படம் குழம்பிவிடும்.

240 மடங்கில், 50 டிகிரி காட்சிப்புலமுள்ள ஐபீஸில் பூமி சுழல்வதால் சனி ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் மறைய ஏறக்குறைய 50 விநாடிதான் ஆகும். அதனால் கையால் தள்ளும்போது பீடம் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். இழுத்தால் ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று தாவினால், அடிப்பலகையின் நடு போல்ட்டைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். கனமான ஐபீஸ் மாட்டியதும் முன்பக்கம் தாழ்கிறதென்றால், குழல் எஃகாக இருக்கும்பட்சத்தில் அடிப்பக்கம் ஒரு காந்தத்தை ஒட்டினால் சமன் ஆகிவிடும்.

பலர் தடுமாறுவது ஆடிகளை நேர்ப்படுத்தும் கோலிமேஷனில். குழலைக் கிடைமட்டமாகச் சாய்த்துவிட்டுத் தொடங்குங்கள். நிமிர்ந்திருக்கும்போது கை நழுவிய திருகுச் சாவி நேரே முதன்மை ஆடிமேல் விழும். செஷயர் குழாயை (நேர்ப்படுத்த உதவும், குறுக்குக்கம்பியுள்ள பார்வைக் குழாய்) ஐபீஸ் மாட்டும் ஃபோகஸரில் செருகி, முதலில் குழல் வாயருகே சாய்ந்திருக்கும் துணை ஆடியின் மூன்று சிறு ஸ்க்ரூக்களைத் திருகி, முதன்மை ஆடியின் மைய வளையத்தைக் குறுக்குக்கம்பிக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்றைத் தளர்த்தினால் மற்ற இரண்டையும் சற்று இறுக்குவது அவசியம். அடுத்து முதன்மை ஆடியின் பூட்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, மற்ற மூன்றைக் கொண்டு செஷயரின் புள்ளியை அந்த வளையத்துக்குள் நிறுத்துங்கள். பூட்டும்போது ஆடி மறுபடி நகரும் என்பதால் மென்மையாகப் பூட்டி, இன்னொரு முறை பாருங்கள். நேர்ப்படுத்த விற்கப்படும் லேசர் கருவியை அப்படியே நம்பக் கூடாது. ஃபோகஸரில் அதைச் சுழற்றும்போது புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் வட்டமடித்தால், லேசரே கோணல்.

நேர்ப்படுத்திய பிறகும் நட்சத்திரம் கொதிப்பது போல நெளிந்தால் உடனே ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். தடித்த ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும், அதுவரை படம் நெளியத்தான் செய்யும்.

குழல்மேல் இருக்கும், குறி பார்க்க உதவும் ஃபைண்டரைப் பகலில் தொலைதூரக் கோபுரம் ஒன்றை வைத்துச் சரிசெய்வது எளிது, சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம். குழலின் வாயை முழுதும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். ஃபைண்டருக்கும் இதே விதிதான்.

எடை 20 கிலோவைத் தாண்டும். குழலையும் பீடத்தையும் தனித்தனியாக இரண்டு நடையாகத் தூக்கலாம், ஆனால் மாடிப்படி ஏறுபவர்கள் யோசித்து வாங்க வேண்டும். பீடம் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மைக்கா ஒட்டாத விளிம்புகளில் ஈரம் இறங்கினால் ஊதிவிடும், திரும்பச் சுருங்காது. பெட்டியைப் பிரித்து ஸ்க்ரூ மாட்டும் முன்பே அந்த விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள்.