ஐந்தாவது ஒயர்: படகு டிரெய்லரின் சர்ஜ் பிரேக்கோடு என் அனுபவம்

ஹூஸ்டனில் என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர், விலை குறைந்திருக்கும் பழைய மீன்பிடிப் படகு ஒன்றை டிரெய்லரோடு சேர்த்து வாங்கலாமா என்று கேட்டிருந்தார். படகைப் பற்றி அவரே விசாரித்துவிட்டார். டிரெய்லரில் இருக்கும் சர்ஜ் பிரேக்கை (இழுக்கும் வண்டி வேகம் குறையும்போது தானாகவே பிடிக்கும் பிரேக்கை) நம்பலாமா என்பதுதான் அவருடைய கவலை. டெக்சாஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டும் டிரெய்லருக்குப் பொதுவாக பிரேக் இருந்தாக வேண்டும். என் படகும் அந்த வரம்பைத் தாண்டியதுதான் என்பதால், சில ஆண்டுகளாக டிஸ்க் வகை சர்ஜ் பிரேக்கோடுதான் கடலோர நகரான கால்வெஸ்டனுக்குப் போய்வருகிறேன்.

முதலில் அதற்குரிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். இழுத்துச் செல்லும் பிக்கப் வண்டியின் வேகம் குறையும்போது டிரெய்லரின் உந்துதலே, இரண்டையும் இணைக்கும் கப்ளரை உள்ளே தள்ளி, பிரேக் திரவம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தி, திரவத்தைச் சக்கரங்களுக்கு அனுப்புகிறது. நாம் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோமோ அதற்கேற்ப அதுவும் பிடிக்கும். இன்டர்ஸ்டேட் 45 நெடுஞ்சாலையில் யாரோ திடீரென்று குறுக்கே நுழையும்போது, பின்னால் படகு வருவதே தெரியாத அளவுக்கு வண்டி சீராக நின்றிருக்கிறது. டிரெய்லரின் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலரை வண்டியில் தனியாகப் பொருத்தத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் உப்பு நீரில் முங்கி எழும் சக்கரங்களுக்கு, காந்தத்தால் இயங்கும் மின்சார டிரம் பிரேக்கைவிட இது பல மடங்கு பொருத்தமானது.

ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் என் பொறுமை போய்விடுகிறது. வண்டி நிற்கிறதா, பின்னால் போகிறதா என்று கப்ளருக்குத் தெரியாது; உள்ளே தள்ளப்பட்டால் பிரேக் பிடித்துவிடும். டிரம் வகையில் பின்னால் உருளும்போது தானே விட்டுக்கொடுக்கும் அமைப்பு உண்டு. டிஸ்க்கில் அது கிடையாது என்பதால், திரவத்தின் வழியை அடைக்க ஒரு சாலினாய்டு (மின்சாரம் வந்தால் மூடிக்கொள்ளும் வால்வு) வைத்து, அதற்கு ரிவர்ஸ் விளக்கிலிருந்து ஐந்தாவது ஒயர் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். அந்த ஒயரில் மின்சாரம் வராவிட்டாலும், படகை இறக்கும் சரிவில் பெரும்பாலும் சிக்கல் தெரியாது. அங்கே டிரெய்லர் தன் எடையிலேயே கீழே போய்விடும். வீட்டு வாசலின் சிறிய மேட்டில் பின்னால் ஏற்றும்போதுதான் கப்ளர் முழுவதும் உள்ளே போய், டிரெய்லரின் சக்கரங்கள் இறுகி, பிக்கப்பின் பின் டயர்கள் சுழலத் தொடங்கும்.

சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் என் டிரெய்லரின் தட்டையான ஐந்து முனைப் பிளக்கை எடுத்துவிட்டு, ஏழு முனைப் பிளக்காக மாற்றித் தந்தார்கள். அன்றிலிருந்து ரிவர்ஸில் சக்கரம் இறுகியது. அதைவிட மோசமாக, நெடுஞ்சாலையில் அழுத்தி மிதித்தபோது டிரெய்லர் பிடிக்காமல் பிக்கப்பைப் பின்னாலிருந்து தள்ளியது. பிரேக் பேடு தேய்ந்திருக்கும், குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று அதே பட்டறை மீண்டும் பணம் வாங்கிக்கொண்டது. உண்மையான காரணம் நிறம்தான். ஐந்து முனைப் பிளக்கில் நீல ஒயர் ரிவர்ஸுக்கு உரியது. ஏழு முனையிலோ நீலம் மின்சார பிரேக்குக்கு உரியது, ரிவர்ஸ் மின்சாரம் பெரும்பாலும் நடு முனையில் வரும். நீலத்தை நீலத்தோடு சேர்த்துவிட்டதால், வேறொரு டிரெய்லருக்காக நான் பொருத்தியிருந்த கன்ட்ரோலர், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் சாலினாய்டுக்கு மின்சாரம் அனுப்பி, தேவைப்பட்ட நேரத்தில் டிரெய்லரின் பிரேக்கை அடைத்துக்கொண்டிருந்தது. உயிரோடு விளையாடும் இந்த வேலையை யாரும் சின்னத் தவறு என்று சொல்லக்கூடாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் உதவிக்கு ஓர் ஆளும் போதும். சாலினாய்டுக்குப் போகும் ஒயரில் ரிவர்ஸ் கியர் போட்டால் 12 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், பிரேக் மிதித்தால் எதுவும் காட்டக்கூடாது. எனக்கு நேர்மாறாகக் காட்டியது. மின்சாரம் சரியாக வந்தும் சாலினாய்டு ‘டக்’ என்று ஒலிக்கவில்லை என்றால், அதைக் கழற்றுவதற்கு முன் வெள்ளை எர்த் ஒயரின் திருகைப் பாருங்கள். கால்வெஸ்டன் உப்பில் அந்த முனை பச்சைப் பொடி பூத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சுரண்டி இறுக்கியதுமே ஒலி வந்துவிட்டது.

மற்ற கோளாறுகள் வழக்கமானவை. நிறுத்தும்போது கப்ளர் ‘டமால்’ என்று இடித்தால் உள்ளே இருக்கும் அதிர்ச்சி தாங்கும் டேம்பரைச் சந்தேகிக்கலாம். ஓடி வந்தபின் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகரும் ‘பின்’ கம்பிகள் துருப்பிடித்திருக்கலாம், அல்லது ரப்பர் குழாய் உட்புறம் வீங்கித் திரவத்தைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கலாம். டிரம்மை டிஸ்க்காக மாற்றியவர்கள், மாஸ்டர் சிலிண்டரில் டிரம்முக்கென இருக்கும் எஞ்சு அழுத்த வால்வை (பிரேக்கை விட்டபின்னும் குழாயில் சிறிது அழுத்தத்தை வைத்திருப்பதை) நீக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பேடுகள் எப்போதும் உரசிக்கொண்டே வரும்.

ஒயரைச் சரிசெய்தபின் என் பிரேக் மீண்டும் முன்போலவே அருமையாகப் பிடிக்கிறது. இருந்தாலும் வேண்டாம் என்றுதான் நண்பருக்குச் சொன்னேன். பழுது பிரேக்கினுடையது அல்ல, பட்டறையினுடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐந்தாயிரம் பவுண்டு எடை பின்னாலிருந்து தள்ளியதை முதுகில் உணர்ந்தவனுக்கு அந்த வாதம் போதவில்லை. அடுத்த டிரெய்லருக்கு, செலவு கூடினாலும், மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அப்படியும் அவர் அதையே வாங்குவதானால், பணம் கொடுப்பதற்கு முன், படகு ஏற்றிய டிரெய்லரை ஒரு மேட்டில் தன் கையாலேயே ரிவர்ஸ் ஏற்றிப் பார்த்துவிடட்டும்.