‘ஃபுல் வால்வு, ப்ளூஸுக்கே செய்தது’ என்று விற்றால் முதலில் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

சென்னையில் ஒரு பழைய கிட்டார் ஆம்ப் (கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. கறுப்பு உறை, 12 அங்குல ஸ்பீக்கர், 15 வாட். ‘ஃபுல் வால்வு, ப்ளூஸுக்கே செய்தது, 230 வோல்ட்’ என்று விளம்பரம். வால்வு என்பது பழைய ரேடியோக்களில் ஒளிரும் அந்தக் கண்ணாடிக் குழாய், ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. விலை 38,000 ரூபாய். அதே பெட்டியை அதே கடையில் அதே விலைக்கு வாங்கி, சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தவன் நான். இடது மூலையில் உறை கிழிந்திருப்பதுகூடப் படத்தில் அப்படியே தெரிகிறது. பழுது பார்த்துவிட்டு விற்கிறார்கள் என்றால் சந்தோஷம்தான், ஆனால் விளம்பரத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கடையின் பெயரை இங்கே போடப்போவதில்லை. இந்த வேலையை ஒரே ஒரு கடைதான் செய்கிறது என்றும் நான் நம்பவில்லை. அதனால் என்ன செய்தார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். “ப்ளூஸ் வாசிக்கணும்னா வால்வுதான் ப்ரோ. மத்ததெல்லாம் பொம்மை” என்று ஆரம்பித்தார். இதில் பாதி உண்மை, அதுதான் சிக்கல். நல்ல வால்வு ஆம்பை அதன் எல்லைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், கம்பியை மெல்லத் தொடும்போது சுத்தமாகப் பேசும், அழுத்தி மீட்டினால் கரகரவென்று உறுமும். கிட்டாரின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் இறக்கினால் உறுமல் அடங்கும். எந்தப் பட்டனையும் மிதிக்காமல் எல்லாம் விரலிலேயே இருக்கும். ப்ளூஸ் வாசிப்பவர்கள் வால்வுக்கு ஏங்குவது இதற்காகத்தான்.

மீதிப் பாதி வியாபாரம். ப்ளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங் பல வருடம் மேடையில் வைத்திருந்த லேப் சீரிஸ் எல்5, வால்வே இல்லாத, முழுக்க டிரான்சிஸ்டர் ஆம்ப். கிட்டார் கம்பெனி கிப்ஸனின் தாய்க் கம்பெனியாக அப்போது இருந்த நார்லின், மூக் சின்தசைசர் பொறியாளர்களை வைத்து வடிவமைத்தது. அதில் அவர் ஒரே ஒரு ஸ்வரத்தை அசைத்துப் பிடித்தபோது, உள்ளே வால்வு இல்லையே என்று யாரும் எழுந்து போகவில்லை. இதைக் கடையில் சொன்னேன். “அது பி.பி. கிங் ப்ரோ” என்று சிரித்தார். அதற்கு என்ன பதில் சொல்வது!

கடையில் வாசித்துக் காட்டியபோது சத்தம் அருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் போவதற்கு முன்பே ஆம்பை ஆன் செய்து சூடேற்றி வைத்திருந்தார்கள். ஸ்பீக்கர் வயரைப் பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றி, பக்கத்தில் இருந்த பெரிய கேபினெட்டில் செருகியிருந்தார்கள். கேட்டதற்கு, “சின்ன ரூம் ப்ரோ, இதுல சவுண்ட் நல்லா பரவும்” என்றார்கள். தரையில் ஒரு ஓவர்டிரைவ் பெடல் வேறு, காலால் மிதித்தால் அந்தக் கரகரப்பைச் செயற்கையாகச் சேர்க்கும் பெட்டி. பழைய பைக் வாங்கப் போகும்போது இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதற்கென்று நமக்குத் தெரியும். இதுவும் அதே கதைதான்.

வீட்டில் பெட்டியின் சொந்த ஸ்பீக்கரில் வாசித்ததும் வேறு ஆம்ப் போல இருந்தது. கொஞ்சம் உறுமவிட்டால் காதைக் கிழிக்கும் சர்ர்ரென்ற சத்தம். வாசிக்காதபோதும் ஓயாத ரீங்காரம். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் சூடாகும் வாசனை. ஒரு கை கிட்டார் கம்பியில் இருக்கும்போது மறு கை மிக்ஸரின் உலோகப் பகுதியில் பட்டது, சுருக்கென்று ஷாக். அத்தோடு பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஷாக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவிலேயே முக்கியமானது அதுதான். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் கேபிளின் வெளிச்சுற்று வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். அந்தச் சட்டம் எர்த் ஆகியிருக்கும் வரை பயமில்லை. எர்த் இல்லாவிட்டால், உள்ளே ஏற்படும் எந்தக் கசிவும் நேராக உங்கள் விரலுக்கு வரும். நான் வாங்கிய பெட்டியின் பிளக்கில் மூன்றாவது பின் இருந்தது, ஆனால் அதில் வயரே இல்லை.

வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். திறந்தவுடன் எதையும் தொடவில்லை. முதலில் ஒரு ரெசிஸ்டரை வைத்து, கெபாசிட்டர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை வடித்தார். “கரண்டைப் புடுங்கிட்டா செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க தம்பி” என்றார். இந்த ஆம்புகளின் உள்ளே 300 வோல்ட் அளவுக்கு இருக்கும், பிளக்கை எடுத்த பிறகும் அது தங்கும். யூடியூப் பார்த்துவிட்டு வீட்டில் ஸ்க்ரூடிரைவர் எடுப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

பின்பக்கம் ‘230வி’ என்று ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதை நகத்தால் உரித்தார். அடியில் கம்பெனி அச்சிட்டிருந்தது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்க உள்நாட்டு மாடல். கடைக்காரர் வாட்ஸப்பில், “உள்ள 230க்கு மாத்தியாச்சு ப்ரோ, டைரக்ட்டா போடலாம்” என்று எழுதியிருந்தார். மாற்றியது இதுதான்: பெட்டியின் அடியில், ஸ்பீக்கருக்குப் பின்னால், பலகையோடு பலகையாக, 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் ஒரு சின்ன ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரைத் திருகி வைத்திருந்தார்கள். அதன் மேல் 50 விஏ என்று எழுதியிருந்தது, அதாவது ஏறக்குறைய 50 வாட் வரைதான் தாங்கும்.

15 வாட் ஆம்புக்கு 50 போதாதா என்று தோன்றும். அந்த 15 வாட் ஸ்பீக்கருக்குப் போவது, சுவரிலிருந்து இழுப்பது அல்ல. இந்த வகை ஆம்பில் பொதுவாக இரண்டு ஈஎல்84, மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகள் இருக்கும். அவற்றின் ஹீட்டர்களுக்கு மட்டுமே, ஒரு சத்தமும் வராமல், ஏறக்குறைய 15 வாட் போய்விடும். ஈஎல்84 ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போதே இன்னும் பத்து வாட் அளவுக்குச் சூடாக எரிக்கும். அதற்கு மேல்தான் வாசிப்பதற்கான சக்தியும் மற்ற இழப்புகளும். ஆக, அந்தக் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் எந்நேரமும் மூச்சுத் திணறிக்கொண்டே இருந்திருக்கிறது. வார்னிஷ் வாசனை அங்கிருந்துதான். போதாததற்கு, 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சுற்றிய மெயின் டிரான்ஸ்ஃபார்மர் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில், வோல்டேஜ் சரியாக இருந்தாலும், கூடுதலாகச் சூடாகும்.

ஃப்யூஸைக் கழற்றினார். அச்சில் 2 ஆம்பியர், உள்ளே இருந்தது 10 ஆம்பியர். அடிக்கடி எரிந்துபோன ஃப்யூஸுக்கு அவர்கள் கண்ட வைத்தியம் இது. இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மட்டமான பொருளை நல்ல பொருள் என்று விற்பது ஒரு ரகம். வீடு பற்றி எரிந்தாலும் பரவாயில்லை என்று விற்பது வேறு ரகம்.

ஸ்பீக்கரும் அசல் இல்லை. கல்யாண மண்டப மைக் செட்டில் இருக்கும் வகை, நடுவில் சத்தத்தைக் கூர்மையாக்கும் குட்டிக் கோன் ஒட்டியது. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் சுமாருக்கு மேல் சத்தத்தை வேகமாக இறக்கிவிடும். வால்வின் கரகரப்பு காதுக்கு இதமாகக் கேட்பதில் பாதிப் பங்கு இந்தக் ‘குறை’க்குத்தான். எல்லாச் சத்தத்தையும் கொட்டும் ஸ்பீக்கரில் அதே கரகரப்பு தகரத்தைச் சுரண்டுவது போல வரும். மல்டிமீட்டரில் 3 ஓம் சொச்சம் காட்டியது, அதாவது 4 ஓம் ஸ்பீக்கர். ஆம்புக்கு வேண்டியது 8 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் ஆறு, ஆறரை காட்டும்.

வால்வுகளை மட்டும் பெரியவர் ஆசையாகப் பார்த்தார். ஈஎல்84 பழைய ரேடியோக்களிலும் இருந்ததால் அவருக்குப் பழக்கமான சாமான். ஜோடியாக இருக்க வேண்டிய இரண்டும் வேறு வேறு கம்பெனி, ஒன்று தேய்ந்துபோனது. ஆன் செய்து பென்சில் முனையால் தட்டியபோது முன்பகுதி வால்வு ஒன்று மணிபோல ஸ்பீக்கரில் ஒலித்தது, அதுவும் கெட்டுப்போனதன் அடையாளம். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அந்தக் காலத்தில் செய்த வால்வுகள் சிலவற்றை மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டினார். விற்க மாட்டாராம்.

கடைக்குப் போனதும் ‘ப்ரோ’ மறைந்து ‘சார்’ வந்துவிட்டது. “செகண்ட் ஹேண்ட் சார், அப்படித்தான் இருக்கும்.” பில்லைத் திருப்பி, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினார். அந்த ஸ்டாம்பைப் பார்த்துப் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். பழைய பொருள் என்று தெரிந்து வாங்குவது வேறு, 120 வோல்ட் அச்சின் மேல் 230 என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பது வேறு. பில் கொடுக்காமல் விற்பதும் இதே பட்டியலில் வரும், அதனால் ‘பில் இல்லன்னா ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம்’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

அப்புறம் சமாதானத்துக்கு வந்து, வேறு ஒரு ‘வால்வு’ ஆம்பைத் தருவதாகச் சொன்னார்கள். முன்பக்கக் கண்ணாடி வழியே ஒரே ஒரு வால்வு அழகாக ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. ஸ்விட்சைப் போட்ட அதே நொடியில் சத்தம் வந்தது. வால்வு வழியாகச் சத்தம் வர வேண்டுமானால் அது சூடேறப் பத்து நொடியாவது பிடிக்கும். குனிந்து பார்த்தால் வால்வுக்கு அடியில் ஒரு எல்இடி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதற்கும் அசையவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனதும் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று 4,000 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அந்த 4,000க்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், 5 லட்சம் வரையான புகாருக்குக் கட்டணமே கிடையாது. எனக்குத்தான் அலுத்துவிட்டது.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு. அடுக்குமாடி வீட்டில் வாசிப்பவர் என்றால் 15 வாட் வால்வு ஆம்ப் உறுமும் அளவுக்கு நீங்கள் ஒருநாளும் திருகப்போவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் விடமாட்டார். 5 வாட் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு சத்தம் என்றும் நினைக்க வேண்டாம், வித்தியாசம் 5 டெசிபல்தான். காதுக்குப் பாதியாகக் கேட்க வேண்டுமானால் சக்தி பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். வால்வுதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், சக்தியைக் குறைக்கும் ஸ்விட்ச் உள்ளதாகப் பாருங்கள். புகெரா வி5 போன்றவற்றில் 5, 1, 0.1 வாட் என்று மாற்றலாம். அதன் ஸ்பீக்கர் 8 அங்குலம்தான், அடிச்சத்தம் கொஞ்சம் மெலிவாகத்தான் இருக்கும். நான் இப்போது வைத்திருப்பது பாஸ் கட்டானா 50. வால்வு கிடையாது, 12 அங்குல ஸ்பீக்கர், அரை வாட்டுக்கு இறக்கி இரவிலும் வாசிக்கிறேன். விரல் அழுத்தத்துக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. காசு இன்னும் குறைவு என்றால் வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10 மாதிரி சின்ன டிரான்சிஸ்டர் பெட்டி போதும். எதுவானாலும் உங்கள் சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோய், பெடல் இல்லாமல், பெட்டியின் சொந்த ஸ்பீக்கரில் வாசித்துப் பாருங்கள்.

பழைய ஆம்பைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே வாட்ஸப்பில் கேட்டுவிடுங்கள்: பின்பக்க வோல்டேஜ் அச்சின் படம், ஸ்பீக்கரின் முதுகுப் பக்கப் படம், ஆறிய நிலையிலிருந்து ஆன் செய்யும் வீடியோ. இவற்றை அனுப்பத் தயங்கும் கடைக்கு ஆட்டோ செலவு செய்துகொண்டு போகத் தேவையில்லை. அனுப்பினால் அந்தச் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். “230க்கு மாத்தியாச்சு ப்ரோ” என்ற அந்த ஒரு வரி என்னிடம் இல்லாமல் போயிருந்தால் வக்கீல் நோட்டீஸில் எழுத எதுவும் இருந்திருக்காது.