நீருக்கடியில் படமெடுக்கக் கேமரா வாங்குகிறவர்கள் ஹவுசிங்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊர்க் குளத்தில் விரால் தன் பார்ப்புகளைக் காவல் காப்பதைப் பிள்ளைகளுக்குப் படம் பிடித்துக் காட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. செக்கச்செவேல் என்ற குஞ்சுகள் பந்து போலத் திரண்டு மேலே வந்து மூச்செடுத்துவிட்டு இறங்கும். பெரிய மீன் அடியிலேயே நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் சிவப்பாக ஒரு சலசலப்பு, அவ்வளவுதான் தெரியும். அதை உள்ளேயிருந்து எடுக்கத்தான் சீட்டு எடுத்த பணத்தில் லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு சின்ன மிரர்லெஸ் கேமராவும், அதைத் தண்ணீருக்குள் இறக்க ஹவுசிங் என்கிற தண்ணீர் புகாத கூடு ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 96,000 ரூபாய். கேமரா தண்ணீரில் இருந்தது 20 நிமிடம்கூட இல்லை.

வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. டெல்டாவில் பெரிய ஊர் ஒன்றில் உள்ள கடை. நான் கேமராவைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதற்கு ஹவுசிங் கிடைக்குமா என்று கேட்டேன். கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். "இந்த பாடிக்குன்னே செஞ்சது சார். 40 மீட்டர் வரைக்கும் தாங்கும். உங்க குளத்துக்கு இது ரொம்பவே ஜாஸ்தி" என்றார். பெட்டியின் சீல் பிரிந்திருந்தது. செக் பண்ணப் பிரித்தோம் என்றார். கதவு விளிம்பில் தண்ணீர் புகாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு மாற்றும் இல்லை, அதற்குத் தடவுகிற சிலிக்கோன் கிரீஸும் இல்லை. பிறகு கூரியரில் அனுப்புவதாகச் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் மச்சான் மட்டும் "சீல் உடைஞ்சதை ஏன் மாமா வாங்குறீங்க" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்தில் இறங்கினேன். வாய்க்கால் தண்ணீர் ஏறாத குளம் என்பதால் ஓரளவு தெளிவாக இருந்தது. கழுத்தளவு ஆழம். முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் கண்ணாடிக்குள் மூடுபனி போலப் படிந்தது. சூட்டுக்கு வேர்க்கிறது என்று நினைத்தேன். கரைக்கு வந்து பார்த்தால் ஹவுசிங்கின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர். கேமரா அதற்குள் அணைந்துவிட்டது.

அரிசி மூட்டைக்குள் புதைத்து வைக்கச் சொன்னார்கள் வீட்டில். அதைச் செய்யாதீர்கள். அரிசி உள்ளே போன ஈரத்தை இழுக்காது, தவிட்டுத் தூசுதான் உள்ளே போகும். பேட்டரியையும் கார்டையும் உடனே கழற்றுங்கள், ஒருமுறைகூட ஆன் செய்து பார்க்காதீர்கள், நேரே பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோங்கள். நான் ஆன் செய்து பார்த்தேன். உள்ளேயிருக்கிற மின்சுற்றுப் பலகை போனது அதில்தான் என்று திருச்சியில் பழுது பார்ப்பவர் சொன்னார்.

அவர்தான் ஹவுசிங்கையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். உள்பக்கத்தில் கேமரா உட்காரும் பிளாஸ்டிக் தாங்கியில் கத்தியால் சீவிய தழும்பு இருந்தது. அந்த ஹவுசிங் என் கேமராவுக்கு முந்தைய மாடலுக்கு உரியது. பழைய மாடலின் பிடி மெலிசு, புதியதன் பிடி தடிமன். உட்காரவில்லை என்றதும் தாங்கியைச் சீவி உள்ளே திணித்திருக்கிறார்கள். அப்போதும் கேமராவின் முதுகு பின்கதவை உள்ளிருந்து நெட்டிக்கொண்டே இருந்ததால், ஓ-ரிங் ஒரு பக்கம் நசுங்கியும் மறுபக்கம் தளர்ந்தும் கிடந்தது. கூடவே, மாதக்கணக்கில் பூட்டியபடியே அலமாரியில் இருந்ததால் ரப்பர் தட்டையாகவே ஆகிவிட்டது.

40 மீட்டர் தாங்கும் என்றார்களே, கழுத்தளவுத் தண்ணீரில் எப்படிக் கசிந்தது என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை ஹவுசிங் வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே கதவை ஓ-ரிங்கின் மேல் இறுக்கிப் பிடிக்கும். ஆழமில்லாத இடத்தில் அந்தப் பிடி கிடையாது. கொக்கியின் இறுக்கம் மட்டும்தான் காவல். அதனால் ஓ-ரிங்கில் குறை இருந்தால் மேல்தண்ணீரிலேயே கசிந்துவிடும். "நம்ம குளத்துல என்ன ஆழம்" என்று அசட்டையாக இருந்துவிட வேண்டாம்.

இந்த வேலைக்குக் கேமரா தேடுகிறவர்கள் என்னைப் போலத் தலைகீழாகப் போகாதீர்கள். எந்த கேமராவுக்கு, எந்த லென்ஸுக்கு ஹவுசிங் தயாராகிறது என்று முதலில் பாருங்கள், அதிலிருந்து கேமராவைத் தேர்ந்தெடுங்கள். ஒரே வரிசையில் அடுத்தடுத்த மாடல்கள் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஹவுசிங் ஒன்றுக்கொன்று சேராது. பட்டன் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் வெளியிலிருந்து அழுத்த முடியாது. லென்ஸும் அப்படியே. முன்னால் உள்ள கண்ணாடிக்குப் போர்ட் என்று பெயர். தட்டையான போர்ட் வழியாகப் பார்த்தால் தண்ணீரில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அகலக் காட்சி குறுகிவிடும். நம் குளத்துக் கலங்கல் தண்ணீரில் மீனை ஒட்டிப் போய் எடுத்தால்தான் படம் துலங்கும். அதற்கு அகல லென்ஸும், அரைக்கோளமான டோம் போர்ட்டும் வேண்டும். என் கடைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஃபிளாஷையும் கவனியுங்கள். கேமராவிலேயே ஃபிளாஷ் இருந்தால் அந்த ஒளியை ஓர் ஒளியிழை வழியாக அனுப்பி வெளியே உள்ள ஃபிளாஷை இயக்கலாம். பல புதிய சின்ன மிரர்லெஸ்களில் உள்ளே ஃபிளாஷே கிடையாது, அதற்குத் தனியாக ஒரு டிரிகர் வாங்கவேண்டும். லென்ஸுக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் தண்ணீரில் மிதக்கும் தூசெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் இறையும். அதனால் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும்.

வெதர் சீல் என்று எழுதியிருப்பதை நம்பிக் கேமராவைத் தனியாக இறக்கிவிடாதீர்கள். அது தூறலுக்கும் தூசுக்கும்தான். என்னைப் போலக் குளம் குட்டையோடு நிற்பவர்களுக்கு மிரர்லெஸ் தேவையே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. ஒலிம்பஸ் டி.ஜி-6 போன்ற கேமராக்கள் ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் வரை போகும். சென்சார் சின்னது, லென்ஸ் மாற்ற முடியாது. ஆனாலும் விரல் நீள மீனை ஒட்டிப் போய் எடுக்க அது போதும்.

ஹவுசிங் வாங்கிவிட்டால் கேமராவை உள்ளே வைக்காமல், ஒரு காய்ந்த டிஷ்யூ தாளைப் போட்டுப் பூட்டி, ஒரு வாளித் தண்ணீரில் கல்லை ஏற்றி அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். தாள் நனையாமல் வந்தால் கேமராவை உள்ளே வைத்துப் பூட்டி, எல்லாப் பக்கமும் ஓ-ரிங் ஒரே அளவாக நசுங்குகிறதா என்று கண்ணாடி வழியே பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைச் செய்திருந்தால் என்னுடையதில் குறை தெரிந்திருக்கும்.

கடைக்குப் போனபோது, நீங்கள்தான் கிரீஸ் தடவவில்லை என்றார்கள். அவர்கள் அனுப்பவே அனுப்பாத கிரீஸ். பில்லில் "கேமரா செட் 1" என்று மட்டும் இருந்தது, ஹவுசிங்கின் மாடல் எண் கிடையாது. வாரண்டி அட்டையில் கடையின் முத்திரையும் இல்லை. தண்ணீர் புகுந்த கேமராவுக்கு எப்படியும் வாரண்டி கிடையாது என்றது சர்வீஸ் சென்டர். பழுது பார்க்கக் கேட்ட தொகை கேமரா விலையில் பாதிக்கு மேல்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் புகார் செய்தேன். கடை பதில் சொல்லவில்லை. அப்புறம் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டேன். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். சீவிய தழும்பைக் கிட்டத்தில் எடுத்த படமும், திருச்சிக்காரர் எழுதிக் கொடுத்த தாளும்தான் இப்போது என் கையில் இருக்கிற சாட்சி.

டெல்டாவில் எந்தக் கடையிலாவது பார்வைக்கு வைத்திருந்த ஹவுசிங்கை வாங்கியவர்கள், அடுத்த முறை இறக்கும் முன் உள்பக்கத் தாங்கியை டார்ச் அடித்துப் பாருங்கள். சீவிய தடம் இருந்தால் ஒரு படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துவிட்டு, இன்றைக்கே கடைக்கு எழுத்தில் கேளுங்கள்.